பகலில் பிளாஷ் அடிப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் பறவைகளைப் படமெடுக்கும் தம்பிமார் சிலர் பிளாஷின் முன்னால் ஒளிநீட்டி, அதாவது வெளிச்சத்தைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் தகடு, பூட்டியிருக்கக் காண்கிறேன். நல்ல சாமான்தான். உச்சி வெயிலில் கண்டல் நிழலுக்குள் இருக்கும் மீன்கொத்தியின் முகம் கறுத்துப்போகும்; பிளாஷை இரண்டு ஸ்டொப் குறைத்து, அதாவது காற்பங்கு வெளிச்சத்தில், அடித்தால் கண்ணில் பொட்டு வெளிச்சம் விழும், நெஞ்சு இறகு ஒவ்வொன்றாய்த் தெரியும்.

ஆனால் அந்த முன்தகடு பூதக்கண்ணாடி மாதிரி; வெயிலையும் ஒரு புள்ளியில் குவித்துவிடும். போன மாதம் கமராவைத் தோளில் சாய்த்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக் கருகிய மணம். பார்த்தால் பிளாஷ் முகப்பில் மிளகளவு பொத்தல்! வெயிலில் நடக்கும்போது தகட்டைக் கழற்றிவிடுங்கள்; காய்ந்த புல்லில் வைக்கவே வேண்டாம்.

கூட்டுக்கு மட்டும் அடிக்காதீர்கள், பிள்ளைகள். நாவற்குழியில் வாயில் இரையோடு வந்த தாய்க்குருவி, பிளாஷ் மின்னியதும் திரும்பிப் பறந்ததை என் கண்ணால் கண்டேன். குஞ்சுகள் வாயைத் திறந்தபடியே இருந்தன.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அராலி.