அடிக் கணக்கு

கூடலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்தால் டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. சரி, போகட்டும். போனில் என்றால் எனக்கும் சத்தம் தானாக ஏறிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பஸ்ஸில் மட்டும் வராதே. குட்டிக்கானம் வளைவில் பனி மூடினால் முன்னால் போகிற வண்டி தெரியாது.

ஜூன் 1-ஆம் தேதியே முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நாற்றுப் பாவியாயிற்று. பந்தலில் திராட்சை கறுத்துவிட்டது.

உன்னோடு வந்த அந்தத் தம்பி சௌக்கியமா? சும்மாதான் கேட்கிறேன். அன்றைக்கு முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 1886-இல் திருவிதாங்கூர் ராஜாவோடு போட்ட ஒப்பந்தம், 999 வருஷத்துக்கு. 1979-இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அணையைப் பலப்படுத்தினோம். 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே 142 அடி தேக்கலாம் என்றுவிட்டது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணீரில்தான். நீ நர்சிங் படித்ததும் அந்தத் தண்ணீரில்தான், மறந்துவிடாதே. அந்தப் பையன் சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அம்மாவைப் பற்றித்தான் சொன்னான். கேரளாவில், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரத்து வீடு. 2018 ஆகஸ்ட் மழையில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், இரண்டு சேலை எல்லாம் போட்டு ஒரு பை கட்டினாராம், இன்னும் அதை அவிழ்க்கவில்லையாம். "அணைக்கு ஒன்றும் ஆகாது தம்பி" என்றேன். "அங்கிள் அணையைப் பார்த்திருக்கீங்களா?" என்றான். பல தடவை என்றேன்.

தாயி, நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் உன் அம்மாவோடு தேக்கடியில் படகு ஏறியதோடு சரி. லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறதே, அதைத்தான் பார்த்திருக்கிறேன். உன் தாத்தாவும் பார்த்ததில்லை. அவர் சத்தம் போட்டதைத்தான் நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன், அறுபத்திரண்டு வயதில். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த முகம்தான் ராத்திரியில் வருகிறது.

142 அடியில் இப்போதும் நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. அது வேறு. ஆனால் மழைக்காலத்தில் அந்த அம்மா தூங்குவார்களா என்றாவது கேட்டிருக்கலாம். பார்த்ததில்லை என்று அவனிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வராது.

லீவு கிடைத்தால் வா, பகல் பஸ்ஸில். திராட்சை இரண்டு பெட்டி கட்டி வைக்கிறேன். திரும்பும்போது ஒன்றை வழியில் இறக்கிவிடலாம், பஸ் எப்படியும் வண்டிப்பெரியாறு வழியாகத்தானே போகிறது.

அப்பா