மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நடுத்திட்டுக்கு ஒரு நாள் படகுப் பயணம்: அனுமதியும் பாதுகாப்பும் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

மஸ்கெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களின் சார்பில் இந்த மனுவை எழுதுகிறேன். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள்தான். இப்போது அங்குள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன்.

மஸ்கெலி ஓயா என்ற ஆற்றை மறித்து மவுசாகலை அணையைக் கட்டி முடித்தது 1969இல். அந்தத் தண்ணீர் கெனியன், லக்சபான மின் நிலையங்களை ஓட்டுகிறது. நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அதற்காக ஒரு நகரமே நீருக்குள் போனது. பழைய மஸ்கெலியாவின் கடைத்தெரு, கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் அடியில் கிடக்கின்றன. மழை குறைந்து நீர்மட்டம் இறங்கும் காலங்களில் அவற்றின் சுவர்களும் தூண்களும் வெளியே தெரிகின்றன. நடுவில் ஒரு சின்னத் திட்டும் எழும்புகிறது. கொக்கும் நீர்க்காகமும் தவிர அங்கே யாரும் இருப்பதில்லை.

அந்த நாட்களில் பஸ்ஸை விட்டு இறங்கி வீதியோரத்தில் நின்று பார்ப்பவர்கள் நிறையப் பேர். போன முறை நீர் வற்றியபோது எங்கள் லயத்து அப்பாயி ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்தா தெரியுது பாரு, அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் எனக்குக் காது குத்துனாங்க" என்று காட்டினார். பேரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறுனதுக்கப்புறம் சாமிக்கு யாரு வெளக்கு வைக்கிறாங்க அப்பாயி?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, வா போகலாம் என்று நடந்துவிட்டார். அந்த நகரத்தில் நடந்து திரிந்தவர்கள் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டும்தான். இன்னும் எத்தனை வறட்சிக் காலம் அவர்களுக்கு வாய்க்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது ஒரே ஒரு நாள். பெரியவர்கள் முப்பது பேர், பிள்ளைகள் நாற்பது பேர். படகில் போய் அந்தத் திட்டில் இறங்கி, பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கடை எங்கே இருந்தது, தேர் எந்த வழியாக வந்தது, ஆற்றை எங்கே கடந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். நில அளவைத் திணைக்களத்திடம் அணைக்கு முந்திய காலத்து வரைபடம் இருந்தால் அதன் பிரதியொன்றும் வேண்டும். அதில் விரல் வைத்துக் காட்டும்போது மறந்ததும் ஞாபகத்துக்கு வரும்.

அனுமதி இல்லாமலே போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கேதான் எங்களுக்குப் பயம். பையன்கள் லொறி டியூப்பில் பலகையைக் கட்டி மிதந்து போகிறார்கள். ஒருவன் கரைக்குச் சற்று முன்னால் இறங்கிச் சேற்றில் தொடைவரை புதைந்துவிட்டான். மேலே வெடித்துக் காய்ந்த மண் போலத்தான் இருக்கும், உள்ளே களி. மூன்று பேர் கயிறு போட்டு இழுத்த பிறகே வெளியே வந்தான். அடுத்த முறையும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

இதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கேட்டோம். இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், படகுக்காரரோடு பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு முறை அலைந்ததுதான் மிச்சம். மின்சாரத் துறை, பொலிஸ், பிரதேச செயலகம் ஆகிய எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டுப் பேச உங்களால் முடியும் என்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

தோட்டத்தில் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்கு வசதி. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் போயா எனும் பௌர்ணமி விடுமுறையை ஒட்டிய வார இறுதிகளில் நல்லதண்ணி வீதியில் பொலிஸாருக்கு ஓய்வே இருக்காது. அந்த ஞாயிறுகளை விட்டுவிடலாம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும். ஆகவே காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்குள் கரை திரும்ப நினைத்திருக்கிறோம். படகுக்கூலியை நாங்கள் சேர்த்துக் கொடுப்போம். உயிர்காப்பு அங்கி எழுபது பேருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளின் அளவில், தந்துதவ வேண்டும். நீச்சல் தெரிந்த உயிர்காப்பாளர் இருவரும், முழங்கால் வலியுள்ளவர்கள் சேற்றில் கால் வைக்காமல் இறங்க ஒரு பலகைப் பாலமும் வேண்டும். நீர்மட்டம் எந்த வாரத்தில் பொருத்தமாக இருக்கும் என்பதை அணைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்த நாளில் போகமாட்டோம்.

ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வீட்டிலிருந்தே கொண்டுபோவோம். போத்தல், உறை ஒன்றையும் அங்கே விட்டு வரமாட்டோம். ஒலிபெருக்கி கிடையாது. கோவில் இருந்த இடத்தில் கற்பூரம் மட்டும் ஏற்றுவோம். விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் உரியவர்கள் வர விரும்பினால் அவர்களுக்கும் படகில் இடம் வைப்போம்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். நாளைக்கு யாராவது அந்தத் திட்டில் குடில் போடவோ சாப்பாட்டுக் கடை வைக்கவோ அனுமதி கேட்டு வந்தால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது எங்கள் ஊர் படுத்திருக்கும் இடம்.

பெரியவர்களின் பெயர், வயது விபரமும், பெற்றோரின் சம்மதக் கடிதங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. நேரில் வரச் சொன்னால், கொழுந்துக்குப் போகாத எந்த நாளிலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
தோட்டக் குடும்பங்களின் சார்பில்,
மாலை வகுப்பு ஆசிரியை,
மஸ்கெலியா.