உலகம் அழிந்தும் குழாயில் தண்ணீர் வருகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மதிப்புரைப் பகுதியில் அண்மையில் வெகுவாகப் பாராட்டப்பட்ட இளையோர் நாவலை, அது சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் நடக்கும் கதை என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். பாதியைச் சற்றே தாண்டியதும் மூடி வைத்துவிட்டேன். இனி எடுப்பதாகவும் இல்லை. எழுதியவருக்கு இது முதல் நூல் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. மதிப்புரையைப் படித்தவர்களுக்கு விளங்கும்.

சூரியனிலிருந்து சீறிவரும் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் குலைக்கும் சூரியப் புயலொன்றால் நாடெங்கும் மின்சாரம் நின்றுவிட, கல்லூரி மாணவி ஒருத்தியும் இரண்டு இளைஞர்களும் ஊரைவிட்டுத் தப்பி ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள் என்பதுதான் கதை. தொடக்கம் அருமை. சேர்வராயன் கோயில் மேட்டில் நிற்கும் காவலாளியின் கண்ணெதிரே நள்ளிரவில் வடக்கு வானம் மெல்லச் சிவந்துவரும் பக்கங்களை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். நம் பக்கத்து வானத்தில் இப்படியெல்லாம் நடக்குமா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை; 1872 பிப்ரவரியில் இப்படியொரு சூரியப் புயலின்போது, வழக்கமாகத் துருவப் பகுதி வானில் மட்டும் தோன்றும் துருவ ஒளி பம்பாய் வரை தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தொல்லை. துணை மின் நிலையங்களில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குச் சில விஷயங்கள் கண்ணை உறுத்தத்தான் செய்யும். சூரியப் புயல் பதம் பார்ப்பது நீண்ட கம்பித் தடங்களையும் அவற்றோடு இணைந்து நிற்கும் பெரிய மின்மாற்றிகளையும்தான். பையில் கிடக்கும் டார்ச் லைட்டை அது ஒன்றும் செய்யாது. 1859இல் அடித்த சூரியப் புயலில் தந்திக் கருவிகளில் தீப்பொறி பறந்ததும், 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்குள் மின் கட்டமைப்பே சரிந்து அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்ததும் கம்பியின் நீளத்தால் வந்த வினை. இந்த நாவலிலோ முதல் இரவிலேயே டார்ச் அணைகிறது, பைக் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, கைப்பேசிகள் எல்லாம் செத்துவிடுகின்றன. போகட்டும், அவருடைய புயல், அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகனுக்குப் பழைய பாட்டொன்றைக் கேட்கத் தோன்றியதும் அதே கைப்பேசி உயிர்பெற்று எழுகிறது; துரத்தல் காட்சி வந்ததும் பைக்கும் கிளம்பிவிடுகிறது. கற்பனைக் கதையில் தர்க்கம் பார்க்கலாமா என்பார்கள். நாவலாசிரியர் தாமே போட்ட விதியைத் தாமே மீறக்கூடாது என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இதைவிட என்னைப் படுத்தியது தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் தானாக நடந்து சேலத்துக்கு வருவதில்லை. பம்ப் வைத்து ஏற்றி, மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பிய பிறகே தெருக்குழாயை எட்டுகிறது. மின்சாரம் நின்றுபோனால் தொட்டியில் இருப்பது தீரும்வரைதான் குழாய்க்கு உயிர். நல்ல நாளிலேயே தண்ணீர் வரும் வேளையைக் கணக்குப் பார்த்துக் குடம் வைக்கிற இந்த ஊரில், புயலடித்த மூன்றாம் வாரம் ஐந்து ரோடு அருகே ஒரு வீட்டில் நாயகி ஷவரில் நிதானமாகத் தலைக்குக் குளிக்கிறாள். உண்மையில் அப்படியொரு நிலை வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒரு காலத்தில் நகருக்குக் குடிநீர் தந்து, பிற்பாடு சீமைக் கருவேலம் மண்டிப்போன பனமரத்துப்பட்டி ஏரி எந்தப் பெரியவருக்காவது நினைவுக்கு வரும். கொல்லைப்புறக் கிணற்றை மூடிய பலகையை நான்கு பேர் சேர்ந்து நகர்த்துவார்கள். பழுதாகி நிற்கும் அடிபம்புக்குப் பழைய செருப்புத் தோலில் வாஷர் வெட்டுவார்கள். நாவலின் மிகச் சிறந்த அத்தியாயம் அங்கே எழுதப்படாமல் கிடக்கிறது.

மலைக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மோசம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே பத்தியில் தாண்டி, காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றில் மூவரும் குடியேறுகிறார்கள். மலையில் வேறு மனித வாடையே இல்லை! சேர்வராயனைக் கும்பிட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளிப் பழங்குடியினரின் கிராமங்களை இந்தக் கதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குக் கம்பி வருவதற்கு முந்தைய காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் இந்த மூவரும் ஒரு வேளைக் கூழ் வாங்கிக் குடித்திருந்தால்கூட நான் தொடர்ந்து படித்திருப்பேன்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி எனக்கு முன்பே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இவங்களுக்குப் பசியே எடுக்காதா தாத்தா?" என்பது அவள் கேட்ட கேள்வி. யார் மனத்தில் யார் என்ற பிணக்கு பக்கம் பக்கமாக நீள்கிறது. அரிசி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்படிப்பட்ட மண்ணில் பசியே இல்லாத ஓர் அழிவுக் கதையை எழுத எப்படித்தான் மனம் வந்ததோ, தெரியவில்லை. தங்கள் மதிப்புரையாளர் "விறுவிறுப்பு" என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். இதில் எதையும் அவர் கேட்கவில்லை.

இரண்டாம் பாகம் விரைவில் வருமென்று பின்னட்டை அறிவிக்கிறது. அதை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளும்போது, பள்ளி மாணவர் ஒருவரையும் படிக்கச் செய்து, அவருடைய கருத்தையும் மதிப்புரையாளரின் கருத்தையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்சாரம் நின்றால் ஓர் ஊரில் எதெது எந்த வரிசையில் நிற்கும் என்று அறிந்துகொள்ள நாவலாசிரியர் விரும்பினால், உட்கார்ந்து விளக்க எனக்கு வேண்டிய நேரம் இருக்கிறது; தங்கள் அலுவலகம் மூலமாகத் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.