சென்னை மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் செல் உயிரியலை ஓர் அலகாகவும் தாவரச் செயலியலை வேறோர் அலகாகவும் நாம் நடத்துகிறோம். செல்லைச் சூழ்ந்த பிளாஸ்மா சவ்வு தேர்வுக்கான மனப்பாடமாகி முதல் அலகிலேயே தங்கிவிட, வேரிலிருந்து நீர் மேலேறும் சாறேற்றமும் இலைத்துளை இயக்கமும் அச்சவ்வோடு தொடர்பற்றவைபோல அடுத்த அலகில் வந்து சேர்கின்றன. இவ்விரண்டையும் ஒரே பாடமாக நடத்த வேண்டும் என்பதும், அதை ரியோ இலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

நம் நகரத்தின் பல வீட்டுத் தொட்டிகளில் வளரும் இச்செடியின் இலையடிப்புறத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், செல்லின் உள்ளே சாறு நிறைந்த பையான வாக்குவோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமியால் செல்கள் சாயமேற்றாமலேயே ஊதாவாகத் தெரியும். அதன்மேல் 5 விழுக்காடு உப்புக் கரைசலை விட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், ஊதாப் பகுதி சுருங்கிச் செல் சுவரை விட்டு விலகும்; இதுவே பிளாஸ்மா சிதைவு. (விலை கொடுத்து வாங்கிய வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை, சமையல் உப்பே போதும்.) சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையில் இப்போது இருப்பது என்ன என்று கேளுங்கள். வெற்றிடம் என்றோ, செல்லிலிருந்து வெளியேறிய தூய நீர் என்றோ பல மாணவர்கள் சொல்வார்கள். சுவர் கரைபொருளைத் தடுப்பதில்லை, சவ்வுதான் தடுக்கிறது என்பதை உணர்ந்தவரே அங்கே இருப்பது உப்புக் கரைசல் என்று சொல்ல முடியும்.

அதே உரிதோலில் இலைத்துளையைச் சூழ்ந்த காப்புச் செல்களும் இருக்கின்றன. நீர் எப்போதும் நீரியல் திறன் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே செல்லும். பொட்டாசியம் அயனிகள் உள்ளே புகும்போது அவற்றின் நீரியல் திறன் குறைந்து, நீர் நுழைந்து, விறைப்பழுத்தம் கூடி, இலைத்துளை திறக்கிறது என்பதை, பிளாஸ்மா சிதைவைப் பார்த்த கண்ணோடு கேட்கும் மாணவருக்குத் தனியாக விளக்க வேண்டிய அவசியம் குறைவு.

கணக்கிலும் இதே குறை உண்டு. "நீர், செறிவு குறைந்த செல்லிலிருந்து செறிவு கூடிய செல்லுக்குச் செல்லும்" என்பது பாதி உண்மை. கரைபொருள் திறனும் அழுத்தத் திறனும் சேர்ந்ததே நீரியல் திறன். கரைபொருள் திறன் −0.7, அழுத்தத் திறன் +0.4 மெகாபாஸ்கல் உள்ள செல்லின் நீரியல் திறன் −0.3, அதன் அருகே −0.5, +0.1 உள்ள செல்லின் நீரியல் திறன் −0.4. செறிவு மிகுந்த முதல் செல்லிலிருந்துதான் செறிவு குறைந்த இரண்டாவதற்கு நீர் செல்லும். சூத்திரத்தை ஒப்பிப்பவர் இங்கே தடுமாறுவார்.

நம் ஊரிலேயே இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. கடல்நீரின் நீரியல் திறன் ஏறக்குறைய −2.5 மெகாபாஸ்கல். அடையாற்றுக் கழிமுகத்து வெண்கண்டல் மரம் அத்தகைய நீரை உறிஞ்ச வேண்டுமானால் அதன் திசுக்களில் அதைவிடக் குறைந்த மதிப்பு நிலவ வேண்டும். உப்பின் பெரும்பகுதியை வேர் தடுக்க, உள்ளே வந்ததில் ஒரு பகுதியை இலையின் உப்புச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் இலையின் இழுவிசையில் நீர் மேலேறுகிறது என்று 1894இல் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த பிணைவு இழுவிசைக் கோட்பாட்டை நடத்தும் நாளில் இம்மரத்தைக் குறிப்பிட்டால், இழுவிசை என்பது வெறும் பெயராக நிற்காது.

சுவாசித்தலில் மட்டும் நேரம் குறைவென்றால், ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை விடுத்து, 1961இல் பீட்டர் மிட்செல் சொன்ன, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடான புரோட்டான் சரிவுக்கே முதலிடம் தாருங்கள். அங்கும் சவ்வுதான் வேலை செய்கிறது. 36 அல்லது 38 என்னும் எண்களுக்காக நடக்கும் சச்சரவு, இன்றைய மதிப்பீடு 30 முதல் 32 வரை என்றிருக்கையில், பயனற்றது.

வரும் காலாண்டுத் தேர்வில் செல் உறுப்புகளின் பெயர் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களில் இரண்டைக் குறைத்து, மேற்சொன்ன இரு செல் கணக்கையும் உரிதோல் வினாவையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை