லோகோவில் எதைத் தொடக் கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை முதல் தொண்டி வரை கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய் பாக்கெட் போடும் கம்பெனிகளில், பிள்ளைகள் பொறுப்புக்கு வந்ததும் முதலில் கை வைப்பது லோகோவில்தான். மாற்றட்டும். எவ்வளவு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பழைய லோகோவை மறைத்துவிட்டு, பத்துப் பதினைந்து சில்லறைக் கடைக்காரர்களிடம் அதை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். உதாரணமாக, பலர் தாளிலும் மஞ்சள் வட்டமும் நண்டும் வந்தால் அவற்றைத் தொடாதீர்கள். யாரும் வரையாத நிழல், பூவேலை, இரட்டைக் கரை தாராளமாகப் போகலாம். 2009இல் அமெரிக்காவில் டிராபிகானா ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிய, பழைய டப்பாவுக்கே திரும்பினார்கள். ஜூஸில் குறையில்லை, அலமாரியில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

புது லோகோவைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஓகே சொல்வது பெரிய ஆபத்து. 1 செ.மீ. அகலத்தில், கறுப்பு மட்டும் வைத்துப் பிரிண்ட் எடுங்கள். 'கருப்பட்டி'யில் இரண்டு புள்ளிகளும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், கடைசிச் சுழி மை அடைத்துவிடும். எழுத்தைத் தடியாக்கினால் இன்னும் மோசம். புள்ளியைச் சற்றுத் தள்ளி வைத்து, சுழியை அகலமாகத் திறந்துவிட வேண்டும். மீன் பெட்டியில் ஸ்டென்சில் (வடிவத்தை வெட்டியெடுத்த அட்டை) வைத்துப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு, அடர்த்தியிலிருந்து படிப்படியாக மங்கி மறையும் நிறமெல்லாம் உதவாது. வட்டத்துக்குள் உருவம் இருந்தால் நடுத்துண்டு கழன்று விழும்; இரண்டு மூன்று இடத்தில் இணைப்பு விட்டே வரைய வேண்டும். பாக்கெட் கவர் அச்சடிக்க நிறத்துக்கு ஒரு சிலிண்டர் (அச்சு உருளை) வேண்டும். லோகோ எத்தனை நிறத்தில் கலந்திருக்கிறதோ அத்தனையும் புதிதாகப் போட வேண்டும். நான்கு நிற லோகோ கேட்கும் மகனிடம் அப்பா இந்தக் கணக்கைக் காட்டலாம்.

டிரேட்மார்க் பதிவு உள்ளவர்களுக்கு இன்னொன்று. 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 59ஆவது பிரிவுப்படி, குறியின் அடையாளத்தைக் கணிசமாகப் பாதிக்காத மாற்றத்துக்கு மட்டுமே பதிவாளரிடம் அனுமதி கேட்கலாம். அதைத் தாண்டினால் புது விண்ணப்பம்தான். பதிவு 10 ஆண்டு செல்லும் என்று பழையதை அடியோடு கைவிடவும் கூடாது; தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாத குறியை நீக்கக் கோரி அடுத்தவர் மனு போடலாம். வக்கீலிடம் இதைக் கேட்டுக்கொண்ட பிறகு சிலிண்டருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாக்கெட் வடிவமைப்பாளர் ஒருவர்,
ராமநாதபுரம்