ஆச்சியின் கையைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் மையத்துக்கு, காது சரியாகக் கேட்காத இரண்டே கால் வயது மகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் தகப்பன் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குக் 'கிடைத்தது' என்று கம்ப்யூட்டர் தானாக ஒரு பதில் போட்டது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. உங்களில் பாதிப் பேர் தமிழர்கள். மும்பையில், செம்பூரிலும் மாதுங்காவிலும் எங்களோடு ஒரே கோயில் வரிசையில் நிற்பவர்கள். அதனால் இந்த முறை நம் மொழியில், நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் காத்திருக்கும் கூடத்தில் ஒட்டினீர்களே, அந்த அறிவிப்பு. பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தைகளிடம் மையத்திலோ வீட்டிலோ சைகை பயன்படுத்தக் கூடாது, மீறினால் பேட்ச்சில் இடம் தொடராது என்று ஒரு வரி. ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று மூன்று மொழியில் இருக்கிறது. என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்ந்தோம். நான் கவுண்டரில் ரசீதுக்கு நின்றேன். என் மாமியார் குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குத் தாகம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினாள். அவள் பாஷையில் அது தண்ணீர். ஆச்சி ஒரு கையால் பையைத் துழாவிக்கொண்டே மறு கையால் 'பொறு' என்று காட்டினார். உங்கள் ஊழியர் ஒருவர் வந்தார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தார். "நஹீ ஆஜி, ஹாத் நீச்சே." வேண்டாம் பாட்டி, கை கீழே என்று அர்த்தம். பாட்டிலை வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். வாயால் கேட்டால்தான் கிடைக்குமாம்.

ஆச்சிக்கு 68 வயது. இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, தப்பு செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். குழந்தை மறுபடி கட்டைவிரலைக் காட்டினாள். பதில் வராததால் இன்னும் பெரிதாக, முழங்கையே ஆடும்படி காட்டினாள். நாம் சத்தத்தைக் கூட்டுவோம் இல்லையா, அது மாதிரி. அப்புறம் ஆச்சி சற்று முன் காட்டிய அதே 'பொறு'வை எடுத்துத் தனக்குத் தானே காட்டிக்கொண்டாள். அழுதது அதற்குப் பிறகுதான்.

அந்த ஊழியர் மேல் எனக்குப் புகார் இல்லை. சுவரில் எழுதியிருந்ததைச் செய்தார். ஒன்று மட்டும் கவனித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆச்சிக்கு இந்தியில் காய்கறி விலை கேட்பதற்கு மேல் தெரியாது. ஆனால் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால்தானே பாட்டில் மேல் தட்டுக்குப் போனது?

பேச்சு வேண்டாம் என்கிற கட்சி இல்லை நாங்கள். தினமும் காலை காபி ஆனதும் முதல் வேலை, நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆறு ஒலிச் சோதனை. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடாமல் இருக்க ஆச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலை விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு சொல்வார். ஒலி கேட்டால் குழந்தை ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். 'ஷ்' ஜூன் மாதம்தான் பிடிபட்டது. அன்று வீட்டில் கேசரி. 'ஸ்' இன்னும் வரவில்லை. காது மெஷினின் மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, விசிலடிக்கும் போதெல்லாம் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருகிறோம். மழைக்காலம் முழுக்க மெஷின் இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள்தான் தூங்குகிறது. பேச்சுக்காக இதைவிட என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், அதையும் செய்கிறோம்.

ஆனால் மெஷின் எப்போதும் காதில் இருப்பதில்லை. குளிக்கும்போது கிடையாது. மழையில் நனைந்தால் கிடையாது. காதில் புண் வந்தால் நாலு நாள் கிடையாது. ராத்திரி திடுக்கிட்டு எழுந்து அழும்போது கிடையாது. காதைச் சோதிக்கும் உங்கள் ஆடியாலஜிஸ்ட் போட்டுக் கொடுத்த கணக்கு, வலது காது 80 டெசிபல், இடது 85; அதற்குக் குறைந்த சத்தம் மெஷின் இல்லாமல் கேட்காது. சாதாரணப் பேச்சு 60ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆக, இருட்டில் விளக்கைப் போட்டு "அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று சொல்ல என் மனைவிக்குக் கைதான் இருக்கிறது. வீட்டிலும் சைகை கூடாது என்று எழுதும்போது அந்த ராத்திரி இரண்டு மணியையும் சேர்த்துத்தான் எழுதினீர்களா?

இன்றைய தேதிக்கு அவளுக்குச் சைகையில் 60 சொல்லுக்கு மேல் தெரியும். வாயால் ஒன்பது. சைகை இருக்கிற சுகத்தில்தான் வாய் ஒன்பதில் நிற்கிறது என்பீர்கள். எங்கள் வீட்டில் பார்த்தது வேறு. 'பால்' முதலில் கையில் வந்தது. மூன்று வாரம் கழித்துக் கையோடு சேர்த்து 'பா' என்று வாயில் வந்தது. ஒன்பதில் ஆறு இப்படி வந்தவைதான்.

சரி, என் வீட்டுக் கதை ஆதாரம் ஆகாது. ஆராய்ச்சிக்கே போவோம். பிறந்ததிலிருந்து சைகை மொழியில் வளர்ந்து, பிறகு அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வைத்துக்கொண்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2014இல் ஒரு ஆய்வு வந்தது. பெற்றோரும் காது கேளாதவர்கள். அந்தக் குழந்தைகளின் பேச்சு, அதே மாதிரி சைகையோடு வளர்ந்த காது கேட்கும் குழந்தைகளின் பேச்சுக்கு ஈடாக இருந்தது. ஐந்தே குழந்தைகள், சின்ன ஆய்வு என்பது எனக்கும் தெரியும். 2017இல் இதற்கு நேர்மாறாக, சைகை இல்லாத குழந்தைகளே நன்றாகப் பேசினார்கள் என்று ஒரு பெரிய ஆய்வும் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அதில் சைகை என்று எண்ணப்பட்டது எது, எவ்வளவு என்று நிபுணர்களே மறுத்து எழுதினார்கள். இப்படி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் தீர்ப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டீர்கள்.

இதுவும் புதுசு இல்லை. 1880இல் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர்கள், பெரும்பாலும் காது கேட்பவர்கள், வகுப்பறையில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே மாநாடு 2010இல் வான்கூவரில் கூடியபோது அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. தப்பு என்று சொல்ல 130 வருஷம் ஆகியிருக்கிறது. உங்களுக்கு அத்தனை அவகாசம் கொடுக்க முடியாது, என் மகள் அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

நம் ஊர்க் குழந்தை எதுவாக இருந்தாலும் முதலில் கற்றுக்கொள்வது கையில்தானே? டாட்டா காட்டு. சாமி கும்பிடு. காக்கா எங்கே, காட்டு. கை கூப்பச் சொல்லிக்கொடுத்தால் 'சாமி' என்ற சொல் நாக்கில் வராது என்று எந்தப் பாட்டியாவது பயந்திருக்கிறாரா? போன வருஷம் வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இந்தி என்றால் பயிற்சிக்கு வசதி என்றீர்கள். அப்போதே ஆச்சியின் வாய் பாதி அடைபட்டது. இப்போது கையும் கூடாது. பேத்தியோடு பேச மிச்சம் என்ன இருக்கிறது, தந்தி அடிப்பதா?

எழுத ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. லோக்கல் ரயிலில் மாற்றுத் திறனாளிகள் பெட்டியில் ஏறினால், "குழந்தை நல்லாத்தானே இருக்கு?" என்று இறங்கச் சொல்கிறார்கள். மெஷினைக் காட்டினால், "அதான் மெஷின் மாட்டியாச்சே" என்கிறார்கள். அது ரயில்வேக்கு எழுத வேண்டிய கடிதம், விடுங்கள். ஆனால் செப்டம்பர் 23 உங்களுக்கு எழுத வேண்டியதுதான். உலகச் சைகை மொழி நாள் அன்று வாசலில் பலூன் கட்டி, எங்கள் பிள்ளைகளை நிற்கவைத்து, நீங்களும் கையைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படம் இன்னும் அதே கூடத்தில் மாட்டியிருக்கிறது, அறிவிப்புக்கு நாலு அடி தள்ளி. வருஷத்தில் ஒரு நாள் கை மேலே, மற்ற 364 நாளும் கை கீழே என்று புரிந்துகொள்ள வேண்டுமா?

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன். இந்த மையம் இல்லாவிட்டால் 'ஷ்' கூட வந்திருக்காது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதனால்தான் வேறு இடம் தேடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் காட்டி மிரட்டும் எண்ணமும் இல்லை. ஆனாலும் 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குழுவில் ஒருவராவது படித்துப் பாருங்கள். காது கேளாதவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. அரசே டெல்லியில் 2015இல் இந்தியச் சைகை மொழிக்கென்று ஒரு மையம் தொடங்கி, 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது. இதே மும்பையில், பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் சைகை மொழிப் படிப்பே நடக்கிறது. ஒரே ஊரில் அங்கே பாடம், இங்கே குற்றம்.

எங்கள் குடியிருப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்கிற தம்பிக்குக் காது கேட்காது. அவர் படித்த பள்ளியிலும் கையைத் தூக்கினால் ஸ்கேல் அடி. பேச்சு ஓரளவுக்கு வந்தது, சைகையை 16 வயதில் நண்பர்களிடம் கற்றுக்கொண்டார். வீட்டில் இன்றும் யாருக்கும் சைகை தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மூன்று நாள் டிவி பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஆச்சிக்கு 'முறுக்கு' எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எனவே, மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். பேச்சுப் பயிற்சியை நீங்கள் உங்கள் முறைப்படியே நடத்துங்கள். அந்த 45 நிமிஷம் உங்கள் அறைக்குள் நாங்கள் கை நீட்ட மாட்டோம். ஆனால் கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு அறிவிப்பில் இடம் மிச்சமிருந்தால் தமிழிலும் ஏதாவது எழுதுங்கள்.

வரும் சனிக்கிழமை எங்களுக்கு 11 மணி பேட்ச். வழக்கம் போல 20 நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவோம். ஆச்சி வரமாட்டேன் என்கிறார். பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஒரு தகப்பன்

பி.கு.: இடது காது மோல்டு மறுபடி விசிலடிக்கிறது. சனிக்கிழமையே புது அளவு எடுக்க முடியுமா என்று ஆடியாலஜிஸ்ட் மேடத்திடம் தயவுசெய்து கேட்டுச் சொல்லவும்.