மகளின் போடிங்கில் இரண்டு இரவு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நாளைய கொழும்பைப் பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கடலை நிரப்பி உண்டாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம், 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் என்று படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்த நகரத்தில் எங்கள் பிள்ளைகள் எந்த அறையில் படுக்கிறார்கள் என்று தேடினேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, இப்போது வீட்டோடு இருப்பவள் நான். மகள் உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு கொழும்புக்குப் போய் நான்கு வருடமாகிறது. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போய் இரண்டு இரவு அவளுடைய போடிங்கில், அதாவது வாடகைக்குத் தங்கும் அறையில், தங்கினேன்.

மூன்றாம் மாடி. ஒரு அறை, நான்கு பிள்ளைகள், ஒரு ஃபேன். ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர். துவைத்த உடுப்பைக் கட்டில் கம்பியில்தான் காயப்போடுகிறார்கள். காலையில் தொட்டுப் பார்த்தேன், ஈரம் அப்படியே இருந்தது. அதையே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயக் காம்பராவில் பிறந்த பிள்ளை, அதைவிடச் சின்ன இடத்துக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிறாள். பக்கத்து அறைப் பிள்ளை காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்தது ஒருவருக்கும் தெரியாதாம். எங்கள் லயத்தில் ராத்திரி யாராவது இருமினால், விடியுமுன் அடுத்த காம்பராவிலிருந்து கொத்தமல்லித் தண்ணி வந்துவிடும்.

சரி, பேசாமல் திரும்பி வந்துவிடு என்றேன். "இங்க யாரும் எந்தத் தோட்டம், யாரோட மகள்னு கேக்குறதில்லம்மா. மிஸ்னு கூப்பிடுறாங்க. என் பேருக்குக் கடிதம் வருது" என்றாள். எனக்கு மேலே பேச்சு வரவில்லை. எங்கள் லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தபால் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, யார் யாரோ கை மாறித்தான் எங்களிடம் சேரும். அவளுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று, அந்த நாள் கடந்த பிறகுதான் கிடைத்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகை எனக்கு மறக்காது.

தீபாவளிக்குப் புதுச் சப்பாத்தோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்துக் கொழும்பு சொர்க்கம் என்பார்கள் எங்கள் ஆட்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று அதே கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். மண்சரிவோடு வாழ்கிற எங்களுக்கே அதை டீவியில் பார்க்க நெஞ்சு பதறியது. அது நரகம், பிள்ளையை அனுப்பாதே என்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே என் மகளுக்குப் பெயர் இருக்கிறது, உடுப்புக் காயப்போட இடமில்லை.

அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பு எங்களுக்கு அந்நிய ஊர் இல்லை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்ததுதான் களனி கங்கை. அந்த ஆற்றுத் தண்ணியைத்தான் அம்பத்தலேயில் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுக்கிறார்கள். மவுசாகலை அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள் போனது. கடும் வெயில் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். என் அம்மா கும்பிட்ட கோயில் அது. அந்தத் தண்ணியில் எடுக்கிற கரண்டும் மலையை விட்டுக் கீழேதான் போகிறது, பிள்ளைகளும் அதே வழியில்தான் போகிறார்கள்.

ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, தபாலை வாசலுக்கு அனுப்புங்கள். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. கணக்கு எழுதுகிற வேலை எங்கள் பக்கத்து டவுன் ஹட்டனிலும் வேண்டும், வேலை முடிந்து வர ராத்திரிக்கு ஒரு பஸ் வேண்டும். கொழும்பில் போடிங் நடத்துகிற வீடுகளை அதிகாரிகள் ஏறிப் பார்க்க வேண்டும்: அறைக்கு எத்தனை பேர், ஜன்னல் எங்கே திறக்கிறது, கக்கூஸ் எத்தனை என்று. உங்கள் கட்டுரையாளரும் அடுத்ததை எழுதுமுன் அந்த மூன்றாம் மாடிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மஸ்கெலியா.